புதுப்பிப்பு: 50 வயதுக்கு மேல் வெண்கல வார்ப்பு, உலோகக் கணக்கில் ஒரு திருத்தம்

பணி ஓய்வுக்குப் பின் சுவாமிமலை முறையில் (மெழுகு உருவத்தின் மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றும் முறை) சிற்பம் கற்போருக்காக எழுதிய முந்தைய இழையில், மெழுகின் எடையைப்போல் 8 மடங்கு உலோகம் என்றிருந்தது. உருவத்தை மட்டும் நிறுத்தால் அது போதாது. உருவத்தோடு, உலோகம் இறங்கும் வழிக்கும் காற்று வெளியேறும் வழிக்கும் ஒட்டிய மெழுகுத் தண்டுகளையும் சேர்த்தே நிறுக்க வேண்டும். உருவம் 250 கிராம், தண்டுகள் 60 கிராம் என்றால் 310 கிராம். 8 மடங்கு ஏறத்தாழ 2.5 கிலோ. மூசையில் (உலோகம் உருக்கும் கலம்) 3 கிலோ உருக்குங்கள். அச்சின் வாயில் உள்ள புனல் நிரம்பி நின்றால்தான், உலோகம் இறுகிச் சுருங்கும்போது மேலிருந்து இறங்கி ஈடுகட்டும்.

சிலையில் விரல் நுனி வராமல் போகிறதே என்று பலர் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் அச்சு ஆறிவிட்டதுதான் காரணம். மெழுகு வடிந்ததும் நிறுத்தாமல், உட்புறம் சிவக்கும்வரை சுட்டு, சூட்டோடு குழியில் புதைத்து, இழை அறாமல் ஊற்றுங்கள். ஊற்றுவது நடுவில் நின்றால் அங்கே மடிப்பு விழும்.

மெழுகின் மேல் முதல் பூச்சு காவிரி வண்டல், நன்றாகச் சலித்தது. மெல்லியதாக, நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தால் வெடிப்பு கண்டு, அது அப்படியே முகத்தில் வரிவரியாக ஏறிவிடும். சீவி எடுக்க நாள்கணக்காகும்.

ஈரம் மிஞ்சிய அச்சில் உலோகம் சீறித் தெறிக்கும். பருத்தி உடை, தோல் காலணி கட்டாயம். நைலான் வேண்டவே வேண்டாம். உலோகக் கலவையில் சேரும் பித்தளை உருகும்போது எழும் வெண்புகை துத்தநாகப் புகை, காய்ச்சல் தரும். காற்று முதுகுப்பக்கம் இருந்து வரும்படி நில்லுங்கள். மூசையை இருவராகத் தூக்குங்கள். 3 கிலோவானாலும் சரி.