நாய் இதய அளவு: முள்ளெலும்பா, முள்ளென்பா, சாணா?

நாமக்கல் மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். கால்நடை மருத்துவ மாணவர் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல்தான் பாக்கி. நாயின் மார்பைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்து, மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்திலிருந்து இதய நுனி வரை ஒரு நீளமும், அதற்குக் குறுக்கே அகலமான இடத்தில் இன்னொன்றும் எடுக்கிறோம். இரண்டையும் நான்காவது மார்பு முள்ளெலும்பின் (முதுகுத்தண்டில் உள்ள எலும்பு) முன்விளிம்பிலிருந்து வைத்துப் பார்த்து, எத்தனை எலும்பு வருகிறது என்று எண்ணிக் கூட்டுகிறோம். 5.6, 4.6 என்றால் 10.2. புக்கானன், பியூக்லர் என்ற ஆய்வாளர்கள் 1995இல் வெளியிட்ட இந்த முறையை ஆங்கிலத்தில் 'வெர்டிப்ரல் ஹார்ட் ஸ்கோர்' என்கிறார்கள். 'முள்ளெலும்பு இதய மதிப்பெண்' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

யாழ்ப்பாண ஆசிரியர்:
முள்ளென்பு என்று எழுதுங்கோ. எங்கட பாடநூல்களில் எலும்புக்கு என்புதான். வள்ளுவர் ஆண்ட சொல்லை நாம் ஏன் விட வேண்டும்?

சென்னை கால்நடை மருத்துவர்:
என்பு என்றால் என் மாணவர்கள் அன்பு என்று படிப்பார்கள், ஐயா. எனக்கு அதைவிட உறுத்துவது மதிப்பெண். அது கூடினால் நல்லது என்றுதான் யாரும் நினைப்பார்கள். இங்கே சராசரி 9.7; 10.5ஐத் தாண்டினால் இதயம் வீங்கியிருக்குமோ என்று பார்க்க வேண்டும். அதுவும் பாக்சர், லாப்ரடார் நாய்களுக்கு நோயில்லாமலே கூடுதலாக இருக்கும். தயவுசெய்து மதிப்பெண் வேண்டாம்.

மதுரை இலக்கண ஆசிரியர்:
முள்ளெலும்பு, முள்ளென்பு இரண்டுமே தனிக்குறில் முன் ஒற்று இரட்டிய புணர்ச்சிதான், இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் அளவுமுறையின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. எறும்பும் தன் கையால் எண்சாண் என்கிறோமே, அதேதான் இது. குட்டி இனமான சிவாவாவையும் பெரிய இனமான கிரேட் டேனையும் சென்டிமீட்டரில் ஒப்பிட்டுப் பயனில்லை. அதனதன் எலும்பே அதனதன் கோல். 'இதயச்சாண்' என்று வையுங்கள். சாண், முழம், ஒட்டை (கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட நீளம்) எல்லாம் உடம்பிலிருந்தே வந்தவை.

சென்னை கால்நடை மருத்துவர்:
அழகான சொல், ஐயா. ஆனால் சாண் என்றதும் கைதான் நினைவுக்கு வரும். இதேபோல் சிறுநீரகத்தின் நீளத்தையும் இரண்டாவது இடுப்பு முள்ளெலும்பின் நீளத்தோடு ஒப்பிடுகிறோம். நாய்க்கு அது 2.5 முதல் 3.5 மடங்கு. அங்கேயும் பொருந்தும் சொல் வேண்டும். எலும்பு பெயரிலேயே இருந்தால் மாணவன் படத்தில் எங்கே பார்ப்பது என்று தேட மாட்டான்.

நாமக்கல் மொழிபெயர்ப்பாளர்:
அப்புறம் யாரும் எழுதவில்லை. மூன்று பேர் தனிமடலில் 'அளவு' போதும் என்றார்கள். 'முள்ளெலும்பு இதய அளவு' என்றே அனுப்புகிறேன். முள்ளென்பு சொல்லடைவில் இருக்கும்.

மதுரை இலக்கண ஆசிரியர்:
அளவு என்பது கிடைக்கும் விடை; அளக்கும் முறை அளவை. முறையைச் சொல்லும் தலைப்பிலாவது 'அளவை' என்று திருத்துங்கள். சாணை நான் இன்னும் விடவில்லை.