தம் கட்டி அழும் குழந்தைகள்: உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

அரைத்தூக்கம்:
14 மாதப் பெண். தம் கட்டுவது, அதாவது அழும்போதே மூச்சு நின்றுபோவது, எப்படி இருக்கும் என்று இங்கே வந்திருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினேன், அழுதாள். வேலை தலைக்கு மேல் கிடந்த நேரம். ‘அழு, எவ்வளவு நேரம் அழுகிறாய் என்று நானும் பார்க்கிறேன்’ என்றேன். சொல்லி வாய் மூடவில்லை. மூன்றாவது வீறலில் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. நாக்கு நுனி நடுங்குகிறது, சத்தம் இல்லை. கரண்டி என் கையிலிருந்து நழுவித் தரையில் சுழன்றது. அது சுழன்று சுழன்று ஓய்ந்த ஓசை இன்னமும் காதில் இருக்கிறது. கரண்டி ஓய்ந்த பிறகும் அவளுக்கு மூச்சு வரவில்லை. உதட்டைச் சுற்றி நீலம் ஏறியது, கை கால் துவண்டு தோளில் சரிந்தாள். அரை நிமிடம்கூட இருந்திருக்காது என்கிறார் கணவர். அவர் அப்போது வீட்டிலேயே இல்லை.

ஒரு கேவலோடு மூச்சு திரும்பியது. கண் விழித்ததும் அவள் தேடியது கரண்டியை.

மருத்துவர் முதலில் கேட்டது, ‘அழுத பிறகு நினைவு தப்பியதா, அழாமலேயே தப்பியதா?’ அழுத பிறகுதான் என்றதும் அவர் முகம் இளகியது. வலிப்பு நோய் இல்லை என்றார். பரிசோதனையில் இரும்புச்சத்து குறைவாக இருந்தது, சொட்டு மருந்து எழுதினார். அது ஏறினால் இதுவும் குறையுமாம். எல்லாம் சரி. நான் சொன்ன அந்தச் சொல்லைத்தான் விழுங்க முடியவில்லை.

வெளிப்படை:
யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம், இது பிடிவாதம். என் மகன் 3 வயதில் இதே நாடகத்தைத்தான் ஆடினான். கன்னத்தை உப்பிக்கொண்டு என்னையே முறைப்பான். ஒருநாள் நான் முதுகைக் காட்டிக்கொண்டு துணி மடிக்க உட்கார்ந்தேன். ஐந்தாவது துணி மடிப்பதற்குள் ‘புஸ்’ என்று விட்டுவிட்டான். அதோடு சரி. தூக்கிக் கொஞ்சினால் பழகிவிடும்.

மொட்டைமாடி:
மேலே எழுதியவருக்கு: என் மகன் அழவே இல்லை. 2 வயது. மேசைக் காலில் பின்னந்தலை லேசாகப் பட்டது, அடி என்றே சொல்ல முடியாது. ‘ஹக்’ என்று ஒரு சின்ன ஒலி, அவ்வளவுதான். நீலமெல்லாம் இல்லை, சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துப் போனான். நான் குனிந்து நெஞ்சில் காதை வைத்தேன். அந்த இரண்டு மூன்று நொடிகளில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. என் காதே அடைத்திருந்ததோ என்னவோ. பிறகு ‘டக்’ என்று ஒன்று. கொஞ்சம் கழித்து இன்னொன்று.

பயமோ வலியோ திடீரென்று தாக்கும்போது வேகஸ் என்ற நரம்பு சில குழந்தைகளுக்கு இதயத்தைச் சட்டென்று மெதுவாக்கிவிடுகிறது, சிலருக்குச் சில நொடிகள் நின்றே போகிறது என்று மருத்துவர் சொன்னார். ஈசிஜி எடுத்தோம், சரியாக இருந்தது. என் கணவருக்குச் சிறு வயதில் இதே தொல்லை இருந்ததாம். இப்போதும் இரத்தம் எடுக்க ஊசி குத்தினால் அந்த மனிதர் படுத்துக்கொண்டுதான் கையை நீட்டுவார். பிடிவாதத்தால் இதயத்தை மெதுவாக்க 2 வயதுப் பிள்ளைக்குத் தெரியுமா? தெரிந்தால் எனக்கும் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள்.

இரவுப்பணி:
என் கதை சிறியது. தங்கை மகன், ஒன்றரை வயது, என் மடியிலேயே மயங்கினான். செவிலியாக எத்தனையோ பார்த்தவள், அன்று அவன் பெயரைச் சொல்லிக் கத்தியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. அதனால்தான் கேட்காமலேயே இவ்வளவும் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், ‘மூச்சைப் பிடிப்பது’ என்ற பேச்சே தவறு. இந்தக் குழந்தைகள் காற்றை இழுத்து அடக்குவதில்லை. அழுது அழுது காற்று முழுவதும் வெளியே போன பிறகு அடுத்த மூச்சை இழுக்க முடியாமல் நின்றுபோகிறார்கள். கன்னத்தை உப்பிக்கொள்ளும் பையன் வேறு ரகம், அவன் விஷயத்தில் துணி மடித்தது சரிதான். பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து 6 வயதுக்குள் வந்து தானாகவே போய்விடும்.

அந்த நேரத்தில் குலுக்காதீர்கள். முகத்தில் தண்ணீர் அடிக்காதீர்கள். வாய்க்குள் விரலோ துணியோ கொண்டுபோகாதீர்கள். தோளில் நிமிர்த்திப் பிடிக்காமல் தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலை இடிக்கும் பொருள் பக்கத்தில் இருந்தால் தள்ளி வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள், நம் மனதின் நிமிடம் மிக நீளமானது. கை கால் விறைத்து ஒன்றிரண்டு தடவை வெட்டி இழுத்தாலும் அது மட்டுமே வலிப்பு நோய் ஆகாது. யாராவது செல்பேசியில் படம் பிடித்து வைத்தால் நூறு வார்த்தை மிச்சம்.

ஒரு நிமிடம் தாண்டினால் அவசர உதவியை அழையுங்கள். 6 மாதம் ஆகாத குழந்தை, அழுகையோ அடியோ இல்லாமல் மயங்கும் குழந்தை, ஓடும்போது விழும் குழந்தை, குடும்பத்தில் இளவயதில் திடீரென்று இறந்தவர் இருக்கும் குழந்தை என்றால் இதயத்தைப் பார்க்காமல் விடவே கூடாது. நீண்ட க்யூடி என்று ஓர் இதயத்துடிப்புக் கோளாறு உண்டு, அதுவும் பார்வைக்கு இப்படித்தான் இருக்கும். முதல் தடவை என்றால் எதுவானாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

சிவப்புமை:
என்னுடையது இந்த வகையில் சேருமா தெரியவில்லை, மயக்கமெல்லாம் இல்லை. என் வகுப்பில் 7 வயதுப் பையன். ‘ண’ எழுதத் தொடங்கினால் மூச்சை நிறுத்திவிடுவான். மூன்று சுழியும் முடிந்து கோடு கீழே இறங்கி, பென்சில் தாளை விட்டு எழும்பிய பிறகுதான் விடுவான். ‘ன’ என்றால் பரவாயில்லை, சுழி இரண்டுதானே. ‘கண்ணாடி’ எழுதச் சொன்ன அன்று முகம் சிவந்து, ஒற்று வைத்த கையோடு பெருமூச்சு விட்டான். தாள் பறந்துவிட்டது. அவன் அம்மாவிடம் சொன்னேன். அவர் ஊசியில் நூல் கோக்கும்போது தாமும் அப்படித்தான் என்று சிரித்தார். அன்றிலிருந்து நானும் திருத்தும்போது என் மூச்சைக் கவனிக்கிறேன். விடுவதில்லை.

வெளிப்படை:
நான் சொன்னது என் மகனைப் பற்றி மட்டும். செவிலியே சரி என்று சொல்லிவிட்டார், பிறகு ஏன் கிண்டல்? அவனுக்கு இப்போது 9 வயது. நீச்சல் குளத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டு முங்குகிறான், நான் எண்ணுகிறேன். 40 வரை வந்துவிட்டான்.

இரவுப்பணி:
உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், இன்றே நிறுத்துங்கள். முங்குவதற்கு முன் வேகமாக மூச்சு வாங்கினால் உடம்பில் கரியமில வாயு குறைந்துவிடும். மூச்சு முட்டுகிறது என்று மூளைக்குச் சொல்வதே அதுதான். முட்டாமலேயே நீருக்கடியில் நினைவு தப்பும். தரையில் மயங்கும் குழந்தைக்கு மூச்சு தானாகத் திரும்பும், தண்ணீருக்குள் அது திரும்பினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

வெளிப்படை:
இது எனக்குத் தெரியாது. நிறுத்தச் சொல்லிவிட்டேன். அவன் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

அரைத்தூக்கம்:
மூன்று மாதம் ஆகிறது. வாரத்துக்கு நான்கு தடவை வந்தது, இப்போது எப்போதாவதுதான். வீட்டில் எல்லோரும் பயந்துபோய் அவள் கை நீட்டியதையெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், மாமியார் தம் கண்ணாடியைக்கூட. நேற்றுச் சாவியைக் கேட்டாள். கொடுக்கவில்லை. வாய் திறந்தது, சத்தம் நின்றது. பாயில் ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு எண்ணினேன். 11 என்னும்போது கேவினாள். எழுந்து உட்கார்ந்து, சாவியை மறந்துவிட்டு என் கொலுசைப் பிடித்து இழுத்தாள். அதன் பிறகுதான் கையை விரித்துப் பார்த்தேன், சாவியின் பற்கள் உள்ளங்கையில் பதிந்திருந்தன.