மூன்றாவது பட்டம் கைகூடுமா? 2025 பருவத்தில் நோட்டர் டேம் ஆண்கள் லாக்ரோஸ் அணி

(2025 பருவம் தொடங்கும் முன் ரசிகர்கள் சிலர் புனைபெயர்களில் எழுதிய பதிவுகள் இவை. லாக்ரோஸ் என்பது நுனியில் வலைப்பை கட்டிய மட்டையால் பந்தைப் பிடித்து எறிந்து கோல் போடும் ஆட்டம். நோட்டர் டேமும் இங்கே பேசப்படும் மற்ற அணிகளும் அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகள்.)

வலைகாப்போன்:

2025 பருவத்துக்கான முன்கணிப்புத் தரவரிசையில் நோட்டர் டேம் முதலிடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. 2023 இறுதி ஆட்டத்தில் டியூக்கை 13-9 என்றும் 2024 இறுதி ஆட்டத்தில் மேரிலாந்தை 15-5 என்றும் வீழ்த்தி, ஃபிலடெல்ஃபியாவின் லிங்கன் ஃபைனான்ஷியல் மைதானத்தில் அடுத்தடுத்து இரண்டு முறை கோப்பையைத் தூக்கிய அணிக்கு அந்த இடம் கிடைத்ததில் வியப்பில்லை. ஆனால் அது சென்ற ஆண்டின் அணிக்குச் செலுத்தப்பட்ட மரியாதையே தவிர, இந்தப் பிப்ரவரியில் களமிறங்கப் போகும் அணியைப் பற்றிய மதிப்பீடு அல்ல என்பது என் கருத்து.

எல்லோரும் பேட் கவனா போய்விட்டார் என்பதைப் பற்றியே பேசுகிறார்கள். கல்லூரி லாக்ரோஸின் உயரிய விருதான டெவாரடன் விருதைச் சென்ற ஆண்டு வென்றவர் அவர், பேச வேண்டியதுதான். எனினும் என் கவலை களத்தின் மறு முனையைப் பற்றியது. லியம் என்டென்மன் இனி வலைக்கு முன் நிற்கப் போவதில்லை. 2023 இறுதி ஆட்டத்தை மீண்டும் எண்ணிப் பாருங்கள்: இடைவேளையில் 6-1 என்று முன்னிலை பெற்றிருந்த அணியை மூன்றாவது கால்பகுதியில் டியூக் 7-7 என்று எட்டிப் பிடித்தது. அந்த நிலையிலிருந்து ஆட்டம் கைநழுவாமல் காத்தது என்டென்மனின் தடுப்புகள்தான். அன்று அவர் 18 தடுப்புகள் செய்தார். தொடரின் தலைசிறந்த ஆட்டக்காரராகவும் அறிவிக்கப்பட்டார்.

கோல்கீப்பரின் வேலை பந்தைத் தடுப்பதோடு முடிவதும் இல்லை. பந்து கைக்கு வந்தபின் 20 வினாடிகளுக்குள் நடுக்கோட்டைத் தாண்டியாக வேண்டும் என்ற விதி இருக்கும்போது, தடுத்த அடுத்த கணமே யாருக்கு எறிவது என்று தீர்மானிப்பவரும் அவரே. அந்தத் தெளிவு பெரிய ஆட்டங்களில் நின்றுதான் வரும். அடுத்து நிற்பார் என்று கருதப்படும் தாமஸ் ரிச்சியார்டெல்லியின் திறமையை நான் குறைத்துப் பேசவில்லை. மே மாதத்தில் நடக்கும் இறுதிக்கட்ட ஆட்டங்களின் வெளிச்சத்தில் அவர் நின்று பார்த்தவர் அல்லர் என்பதை மட்டுமே சொல்கிறேன்.

தெற்கு வளைவு:

நண்பர் வலைகாப்போன் அவர்கள் கோல்கீப்பர் பதவியில் ஆடியவராக இருக்க வேண்டும். அந்தப் பாசம் பதிவு முழுவதும் தெரிகிறது. இருந்தாலும் ஒரு கோல்கீப்பருக்கு எத்தகைய எறிதல்கள் வருகின்றன என்பதை அவருக்கு முன்னால் நிற்கும் ஆறு பேரே தீர்மானிக்கிறார்கள் என்பதை அவர் ஏன் சொல்லாமல் விட்டார்?

2024இல் இந்த அணி 16 ஆட்டங்களில் வென்று, ஜார்ஜ்டவுனிடம் மட்டும் ஒரே ஒரு முறை தோற்றது. அரையிறுதியில் டென்வர் எடுத்தது 6 கோல். இறுதியில் மேரிலாந்து எடுத்தது 5. இப்படிப்பட்ட எண்களைத் தனி ஒருவரின் கைகள் மட்டும் தருவதில்லை. எதிரணியை வலைக்கு நேரே வர விடாமல் ஓரத்துக்குத் தள்ளி, கோணம் குறுகிய, தொலைவான எறிதல்களை மட்டுமே அனுமதிக்கும் தடுப்பாட்டத்தின் விளைவு அது. அந்தத் தடுப்பின் முதுகெலும்பான ஷான் லைட் இந்த ஆண்டும் இருக்கிறார். நடுக்களத்தில் குட்டை மட்டையோடு தடுத்தாடும் பென் ராம்சியும் இருக்கிறார். பார்வையாளர்கள் அதிகம் கவனிக்காத வேலை அது, ஆனால் எதிரணிப் பயிற்சியாளர்கள் முதலில் குறித்துக்கொள்ளும் பெயர் அவருடையது.

பேட் கவனாவைப் பொறுத்தவரை, 2023 பட்டத்தையே அந்த அணி அவருடைய தொடைத்தசைக் காயத்தோடுதான் வென்றது. அவர் பாதி வேகத்தில் ஓடிய அந்த இறுதி வாரத்தில் மற்றவர்கள் சுமையை எடுத்துக்கொண்டார்கள். இப்போது அவர் தம்பி கிறிஸ் கவனா மூத்த மாணவராகத் தாக்குதலை நடத்துவார். 1988இல் பொறுப்பேற்ற கெவின் காரிகன் இன்னும் அதே அணியின் பயிற்சியாளராக இருக்கிறார். வீரர்கள் மாறினாலும் ஆட்டமுறை மாறாத அணி இது.

பழைய கணக்கு:

இருவருமே வீரர்களின் பெயர்களை வைத்து வாதிடுகிறீர்கள். நான் வரலாற்றை வைத்துப் பேச விரும்புகிறேன்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் லாக்ரோஸ் போட்டித்தொடர் 1971இல் தொடங்கியது. அன்றிலிருந்து மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாக முதல் பிரிவுப் பட்டம் வென்ற அணிகள் மூன்றுதான்: 1978 முதல் 1980 வரை ஜான்ஸ் ஹாப்கின்ஸ், 1988 முதல் 1990 வரை சிரக்யூஸ், 1996 முதல் 1998 வரை பிரின்ஸ்டன். இவற்றில் சிரக்யூஸின் 1990 பட்டம் பின்னர் என்சிஏஏவால் பறிக்கப்பட்டது என்பதால், ஏட்டுக் கணக்கில் இரண்டு என்றே சொல்ல வேண்டும்.

இந்த நூற்றாண்டில் இரட்டைப் பட்டம் வென்ற மற்ற அணிகளுக்கு மூன்றாம் ஆண்டில் என்ன நேர்ந்தது என்று பாருங்கள். 2008, 2009 பட்டங்களை வென்ற சிரக்யூஸ், 2010இல் சொந்த அரங்கத்திலேயே முதல் சுற்றில் ஆர்மியிடம் இரண்டாவது கூடுதல் நேரத்தில் 9-8 என்று தோற்றது. 2013, 2014 பட்டங்களை வென்ற டியூக், 2015இல் முதல் சுற்றில் ஒகையோ ஸ்டேட்டிடம் வீழ்ந்தது. 2020 தொடர் தொற்றுக் காலத்தில் ரத்தானதால் 2019, 2021 என்று அடுத்தடுத்து நடந்த இரு தொடர்களையும் வென்ற வர்ஜீனியா, 2022 காலிறுதியில் மேரிலாந்திடம் 18-9 என்று நொறுங்கியது. மூவரில் ஒருவர்கூட அரையிறுதியை எட்டவில்லை.

வெற்றி பெற்ற பிரின்ஸ்டனிடம் இருந்தது என்ன? ஜெஸ்ஸி ஹப்பர்ட், ஜான் ஹெஸ், கிறிஸ் மாஸி என்ற மூவர் தாக்குதல் வரிசை மூன்று ஆண்டுகளும் கலையாமல் ஆடியது. சிரக்யூஸிடம் கேரி கெய்ட், பால் கெய்ட் என்ற இரட்டையர் மூன்று ஆண்டுகளும் இருந்தார்கள். நோட்டர் டேமோ தன் தாக்குதலின் மூளையையும் வலையின் காவலையும் ஒரே கோடையில் வழியனுப்பியிருக்கிறது. எரிக் டாப்சனின் தொலைதூர எறிதலும் அவர்களோடு போய்விட்டது.

தெற்கு வளைவு:

பழைய கணக்கு ஐயா தந்த பட்டியல் சரியானது. அதிலிருந்து அவர் எடுத்த முடிவு சரியானதன்று. 2022இல் வர்ஜீனியாவை வென்ற மேரிலாந்து அந்தப் பருவத்தில் 18-0 என்று ஒரு தோல்வியும் இல்லாமல் முடித்த அணி. அப்படியோர் அணியிடம் காலிறுதியில் சிக்கியது பட்டம் வென்றவர்களின் சாபம் அல்ல. எதிரே நின்ற அணியின் வலிமை. ஆர்மியிடம் சிரக்யூஸ் தோற்ற ஆட்டத்தில் ஒரே ஒரு எறிதல் மாறியிருந்தால் இன்று அந்த உதாரணமே உங்களிடம் இருந்திருக்காது. மூன்று நிகழ்வுகளை வைத்து விதி வகுக்க முடியாது.

பால்டிமோர்வாசி:

இதுவரை யாரும் தொடாத ஒரு காரணத்தைச் சொல்ல அனுமதியுங்கள். நோட்டர் டேமின் இரண்டு பட்டங்களும் ஒரு குறிப்பிட்ட காலச் சூழலில் வென்றவை.

தொற்றால் 2020 பருவம் பாதியில் நின்றபோது, வீரர்களுக்குக் கூடுதலாக ஓர் ஆண்டு ஆடும் உரிமையை என்சிஏஏ வழங்கியது. யேல், பிரௌன், கார்னெல் போன்ற பழம்பெரும் பல்கலைக்கழகங்களின் குழுவான ஐவி லீக்கின் கல்லூரிகளோ 2021 பருவத்தையும் ஆடவில்லை. முதுகலை மாணவர்களை அணியில் சேர்ப்பதும் அங்கே வழக்கமில்லை. ஆகவே ஆட உரிமை மிச்சமிருந்த ஐவி லீக் வீரர்கள் பட்டம் பெற்றதும் வேறு பல்கலைக்கழகங்களை நாடினார்கள். அந்த வாய்ப்பை நன்கு பயன்படுத்திக்கொண்ட அணிகளில் ஒன்று நோட்டர் டேம். 2023இல் யேலிலிருந்து வந்த கிறிஸ் ஃபேக் தடுப்பை இறுக்கினார். அதே யேலிலிருந்து வந்த பிரையன் டெவ்லின்தான் வர்ஜீனியாவுக்கு எதிரான அரையிறுதியில் கூடுதல் நேரத்தில் வெற்றி கோலை எடுத்து 13-12 என்று முடித்துவைத்தவர். 2024இல் பிரௌனிலிருந்து டெவன் மெக்லேன் வந்தார்.

முதிர்ந்த, இருபத்து மூன்று வயது வீரர்களைக் கடையில் பொருள் எடுப்பதுபோல் எடுத்து ஓட்டையை அடைக்கும் அந்தக் காலம் முடிவுக்கு வந்துகொண்டிருக்கிறது. தொற்றுக்கால உரிமை உள்ள கடைசித் தலைமுறை இந்த வசந்தத்தோடு ஏறக்குறைய வெளியேறிவிடும். இனி எல்லா அணிகளும் தாம் வளர்த்த இளையவர்களை வைத்தே ஆட வேண்டும். நோட்டர் டேமுக்கு அது முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் முந்தைய இரண்டு ஆண்டுகளின் ஆழத்தை இந்த ஆண்டும் இருப்பதாக எடுத்துக்கொண்டு தரவரிசை போடுவது தவறு.

வலைகாப்போன்:

பால்டிமோர்வாசி அவர்கள் சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்கிறேன். ஜோர்டன் ஃபேசனைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. லாக்ரோஸ் உதவித்தொகையில் சேர்ந்து, அமெரிக்கக் கால்பந்து அணியிலும் இடம்பிடித்து, 2023 டிசம்பரில் சன் பௌல் என்ற கால்பந்துப் பருவ இறுதி ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரராகவும் தேர்ந்தெடுக்கப்பட்ட அபூர்வ விளையாட்டாளர் அவர். சென்ற முறை கால்பந்துப் பருவம் டிசம்பர் 29ஆம் தேதி முடிந்தது. இம்முறை அந்த அணி தேசிய இறுதி ஆட்டம்வரை சென்று, ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில் ஒகையோ ஸ்டேட்டிடம் 34-23 என்று தோற்ற பிறகுதான் அவர் விடுபட்டிருக்கிறார். மூன்று வாரத் தாமதம் என்பது கேட்பதற்குச் சிறிது. இடிபட்டுக் களைத்த உடல் ஆறுவதற்கும், லாக்ரோஸ் மட்டையைப் பிடித்துப் பல மாதங்களான கைகள் பழகுவதற்கும் அந்த மூன்று வாரமே தேவைப்படும். அதற்குள் லாக்ரோஸ் பருவமோ தொடங்கிவிடும்.

தெற்கு வளைவு:

ஃபேசன் பிப்ரவரியில் முழு வேகத்தில் இருக்க வேண்டும் என்று காரிகன் எதிர்பார்ப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. பிப்ரவரியில் யாரும் பட்டம் வெல்வதில்லை. நோட்டர் டேம் இடம்பெற்றுள்ள பல்கலைக்கழக லீக்கான ஏசிசியில் ஆண்கள் லாக்ரோஸ் ஆடும் ஐந்து அணிகளில் மற்ற நான்கான டியூக், வட கரோலினா, சிரக்யூஸ், வர்ஜீனியா ஆகியவற்றைச் சந்திக்கும் வாரங்களில் அவர் தயாராக இருந்தால் போதும். கால்பந்தில் ஜார்ஜியா, பென் ஸ்டேட் போன்ற அணிகளுக்கு எதிராகப் பல்லாயிரம் பேர் முன்னிலையில் ஆடிவிட்டு வரும் இளைஞரைப் பெரிய ஆட்டத்தின் பதற்றம் பாதிக்கும் என்று நீங்கள் நினைக்க மாட்டீர்கள் என நம்புகிறேன்.

இத்தாக்கா நோக்கர்:

நோட்டர் டேமையே சுற்றி வருகிறீர்கள்; எதிரணிகளையும் கொஞ்சம் பார்ப்போம். கார்னெலில் சி. ஜே. கிர்ஸ்ட் தம் கடைசிப் பருவத்தை ஆடப் போகிறார்; அவரைத் தனி ஒருவராக நின்று அடக்கக்கூடிய தடுப்பு வீரர் நாட்டில் எத்தனை பேர் என்று யோசியுங்கள். சிரக்யூஸில் தாக்குதல் வீரர் ஜோயி ஸ்பலீனா மூன்றாம் ஆண்டுக்கு வந்துவிட்டார். மேரிலாந்தில் 2022 இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரரான லோகன் மெக்னேனியே இன்னும் வலையில் நிற்கிறார். கோல்கீப்பரே முக்கியம் என்ற வலைகாப்போனின் வாதத்தை ஏற்றால், மேரிலாந்தையல்லவா முதலிடத்தில் வைக்க வேண்டும்?

தெற்கு வளைவு:

அந்த மெக்னேனி வலையில் நின்ற ஆட்டத்தில்தான் மேரிலாந்து 15 கோல் வாங்கியது. இதை நான் சொல்லாமலே நண்பர்களுக்கு நினைவிருக்கும் என்று எண்ணினேன்.

வலைகாப்போன்:

நன்றாகவே நினைவிருக்கிறது. அந்த ஆட்டத்தின் மறு முனையில் யார் நின்றார், அவருடைய அணி எத்தனை கோல் வாங்கியது என்பதும் நினைவிருக்கிறது.

பழைய கணக்கு:

ஒரு சிறு கணக்கோடு நான் விடைபெறுகிறேன். தரவரிசையில் முன்னணியில் உள்ள அணி பட்டம் வெல்ல முதல் சுற்று, காலிறுதி, அரையிறுதி, இறுதி என நான்கு ஆட்டங்களை வெல்ல வேண்டும். ஒவ்வொன்றிலும் அதன் வெற்றி வாய்ப்பு 80 விழுக்காடு என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், நான்கையும் வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய 41 விழுக்காடுதான். 75 என்று குறைத்தால் அது 32க்கு இறங்கிவிடும். முதல் சுற்றுச் சொந்த மைதானத்தில் நடக்கும். காலிறுதி பொதுவான இடத்தில் நடக்கும். அரையிறுதியும் இறுதியும் இம்முறை ஃபாக்ஸ்பரோவின் ஜில்லட் மைதானத்தில். நாட்டிலேயே சிறந்த அணி நோட்டர் டேம்தான் என்று தெற்கு வளைவு அவர்களோடு முழுமையாக உடன்பட்டாலும், பட்டம் வேறொருவருக்குப் போகும் என்று பந்தயம் கட்டுவதே அறிவுடைமை.

தெற்கு வளைவு:

அந்தக் கணக்கின்படி எந்த ஆண்டிலும் எந்த அணியையும் நம்பக் கூடாது. 2022இல் 8-4 என்ற கணக்கோடு இருந்த இந்த அணியைத் தேர்வுக் குழு தொடரிலேயே சேர்க்கவில்லை. அந்த அவமதிப்புக்குப் பின் அடுத்த இரண்டு பருவங்களில் அவர்கள் தோற்றவை மூன்றே ஆட்டங்கள்: வர்ஜீனியாவிடம் இரண்டு, ஜார்ஜ்டவுனிடம் ஒன்று. இத்தனை சீராக வென்ற அணிக்கு ஆட்டத்துக்கு 80 விழுக்காடு என்பதை நீங்கள் தாராளம் என்கிறீர்கள். நான் கஞ்சத்தனம் என்கிறேன்.

வலைகாப்போன்:

நீங்கள் சொல்லும் அந்த இரண்டு பருவங்களிலும் வலையில் நின்றவர் ஒருவரே. என் நிபந்தனையை இப்போதே எழுதி வைக்கிறேன். மார்ச் மாத முடிவில் நோட்டர் டேமின் புதிய கோல்கீப்பர் தம்மை நோக்கி வந்த எறிதல்களில் பாதிக்கு மேல் தடுத்திருந்தால், அதுவும் பெரிய அணிகளுக்கு எதிராகத் தடுத்திருந்தால், அரையிறுதி உறுதி என்று நானே இங்கு வந்து எழுதுகிறேன். அதுவரை என் கணிப்பு காலிறுதி. அதுவும் ஓரிரு கோல் வித்தியாசத்தில் முடியும் ஓர் ஆட்டத்தில், சென்ற ஆண்டாக இருந்தால் தடுக்கப்பட்டிருக்கக்கூடிய எறிதல்களால்.

தெற்கு வளைவு:

பதிந்துகொண்டேன். என் கணிப்பு ஃபாக்ஸ்பரோ, இறுதி ஆட்ட நாளான மே மாதக் கடைசித் திங்கட்கிழமை. நுழைவுச்சீட்டு விற்பனை தொடங்கியதும் வாங்கிவிடுவேன்.