கோவிஷீல்டு குப்பிக்குள் முள் இருந்ததா, இல்லையா?

லேப்காரன்_தண்டையார்பேட்டை:
காலையில் காசிமேட்டான் அண்ணன் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "கோவிஷீல்டு குப்பியில் கொரோனாவின் முள்ளையே நிரப்பி நம் தோளில் ஏற்றிவிட்டார்கள்" என்கிறார். தப்பு. அந்தக் குப்பியில் முள், அதாவது வைரஸின் மேற்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் புரதம், கிடையாது. சிம்பன்சிக்குச் சளி பிடிக்க வைக்கும் ஒரு அடினோவைரஸைப் பெருகாதபடி முடக்கி, முள்ளைச் செய்வதற்கான மரபணுவை அதற்குள் வைத்திருந்தார்கள். முள்ளைச் செய்வது நம் செல்தான், அதுவும் கொஞ்ச நாளைக்கு. பதினாறு வருடமாக லேப்பில் ரத்தப் பரிசோதனைக் குழாயோடு வாழ்கிறவன் சொல்கிறேன்.

காசிமேட்டான்:
தம்பி, நம் செல் செய்தால் என்ன, ஊசி தயாரித்த புனே ஆலையில் செய்தால் என்ன? உடம்புக்குள் முள் வந்ததா இல்லையா? கெளுத்தியை வெட்டி ஐஸ் பெட்டியில் போட்ட பிறகும் அதன் முள் குத்தும். போன வாரம் என் கட்டைவிரலில் ஏறி ராத்திரி முழுக்கக் கடுத்தது. செத்த மீனின் முள்ளுக்கே அந்த வேகம் இருக்கிறது.

லேப்காரன்_தண்டையார்பேட்டை:
அண்ணே, நீங்கள் எழுதியது 'குப்பியில்' என்று. குப்பியில் முள் இல்லை. முள் இருந்தது கோவாக்சின் குப்பியில். வைரஸை முழுசாகக் கொன்று செய்த ஊசி அது, முள்ளும் கூடவே வரும். நீங்கள் போட்டுக்கொண்டது கோவாக்சின் என்று 2021இல் இங்கேதான் பெருமையாக எழுதினீர்கள். முள் இருந்த ஊசியைப் போட்டுக்கொண்டு, இல்லாத ஊசியைத் திட்டுகிறீர்கள். கெளுத்தி முள் கடுப்பது அதிலுள்ள விஷத்தால். வைரஸின் முள் தனியாக இருந்தால் பெருகவே முடியாது, பெருகுவதற்கு அதன் மரபணுப் பொருளான ஆர்என்ஏ வேண்டும்.

கொருக்குப்பேட்டை_டீச்சர்:
இரண்டு பேரும் முதலில் 'முள்' என்பதை விடுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் கூர்ப்புரதம் என்றுதான் சொல்லித் தருகிறேன். முள் என்றாலே குத்தும் என்று பயந்துவிடுகிறார்கள். அது குத்துவதில்லை. நம் செல்லின் மேலிருக்கும் ஏசிஇ2 என்ற ஏற்பியில் ஒட்டுகிறது. அப்புறம் நம் செல்லின் நொதியே அதை வெட்டிவிட, வைரஸின் உறை செல்லின் சவ்வோடு ஒன்றாகிவிடுகிறது.

காசிமேட்டான்:
டீச்சர், பெயரை மாற்றினால் பொருள் மாறிவிடுமா? கோவிஷீல்டு போட்டுச் சிலருக்கு ரத்தம் உறைந்ததே, அதற்குத் தம்பி பதில் சொல்லட்டும்.

லேப்காரன்_தண்டையார்பேட்டை:
சொல்கிறேன். மிக அரிதாக உறைந்தது உண்மை, நான் மறைக்கவில்லை. அப்படி உறைந்தவர்களின் ரத்தத்தில் கண்டுபிடித்தது பிஎஃப்4 என்ற நம்முடைய சொந்தப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள். முள்ளுக்கும் அதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். இன்னொன்று. கோவிஷீல்டு மட்டும் போட்டு, கொரோனா வராதவரின் ரத்தத்தை, எதிர்ப்பொருள் இருந்தால் மஞ்சள் காட்டும் எலைசா பரிசோதனைத் தட்டில் வைத்துப் பாருங்கள். சின்னச் சின்னதாக 96 குழி. முள்ளுக்கான தட்டில் மஞ்சள் ஏறும். வைரஸின் உள்ளே இருக்கும் 'N' என்ற புரதத்துக்கான தட்டு தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல் நிற்கும். கோவாக்சின்காரருக்கு இரண்டிலும் மஞ்சள் ஏற வாய்ப்பு உண்டு. இதைக் கண்ணால் பார்த்தவன் நான். வாட்ஸப்பில் வந்ததைச் சொல்லவில்லை.

காசிமேட்டான்:
மஞ்சள் ஏறியதா? அப்போது உடம்புக்குள் முள் வந்திருக்கிறது. உன் தட்டே சொல்லிவிட்டது. வேறு சாட்சி வேண்டாம்.

லேப்காரன்_தண்டையார்பேட்டை:
குப்பியில் என்றுதானே எழுதினீர்கள்? குப்பியில் இல்லை. இல்லை என்றால் இல்லை.

திருவொற்றியூர்_தேரடி:
குப்பியை விடுங்கள். 2021 மே மாதம் எங்கள் அப்பாவுக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் ரெம்டெசிவிர் என்ற கொரோனா மருந்தை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அதை வாங்க நேரு ஸ்டேடியம் வாசலில் வெயிலில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பெண் சீட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு நெஞ்சோடு பிடித்திருந்தார். கிடைக்காமலே திரும்பினேன். எல்லாம் இந்த முள்ளால்தான் என்றால் முள்ளை அடிக்கும் மருந்தை ஏன் கொடுக்கவில்லை? லேப்காரர் அன்றைக்கு ஒரு வார்த்தை சொன்னாரா?

லேப்காரன்_தண்டையார்பேட்டை:
சொன்னேன், நீங்கள் கேட்கவில்லை. ரெம்டெசிவிர் முள்ளைத் தொடாது, ஆர்என்ஏ நகலெடுப்பதைத்தான் தடுக்கும். 2020 நவம்பரிலேயே உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைக்கவில்லை. முள்ளைப் பிடிக்கும் மருந்து இருந்தது. காசிரிவிமாப், இம்டெவிமாப் என்று இரண்டு எதிர்ப்பொருள் சேர்ந்த கலவை. அதே 2021 மே மாதம் இந்தியாவில் அனுமதித்தார்கள். ஒருவருக்கு 59,750 ரூபாய். நம் தெருவில் யாரால் வாங்க முடியும்? அப்புறம் ஒமிக்ரான் வந்தது. முள்ளில் மட்டும் முப்பதுக்கு மேல் மாற்றம். அந்தக் கலவைக்குப் பிடியே கிடைக்கவில்லை.

அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்கள். 2020இல் ராயபுரம் மண்டலம்தான் சென்னையிலேயே அதிகத் தொற்று என்று தினமும் செய்தி வந்தபோது நான் டூட்டிக்குப் போனேன். எங்கள் வாசலில் தகரம் அடித்தார்கள். லேப்பிலிருந்து வருகிறான் என்று குழாயடியில் என் மனைவியின் குடத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார்கள். அந்தத் தெருவில்தான் அப்போது நீங்களும் குடியிருந்தீர்கள், தேரடி சார்.

திருவொற்றியூர்_தேரடி:
குடத்தைத் தள்ளியது நான் இல்லை. என் அப்பாவைப் பற்றிக் கேட்டதற்குக் குடத்தைக் கொண்டுவந்து நடுவில் வைக்கிறீர்கள்.

கொருக்குப்பேட்டை_டீச்சர்:
கூர்ப்புரதம் என்று ஒருவராவது எழுதுங்களேன்.

காசிமேட்டான்:
டீச்சர் இருங்கள். தம்பி, ஒரே கேள்வி. உடம்புக்குள் முள் வந்ததா, இல்லையா?

லேப்காரன்_தண்டையார்பேட்டை:
நீங்கள் எழுதியது 'குப்பியில்'. அந்தப் பதிவு அப்படியே இருக்கிறது. அதை அழிக்காமல் வைத்திருங்கள். ராத்திரி டூட்டி முடித்துவிட்டு வந்து, நீங்கள் 2021இல் கோவாக்சின் பற்றி எழுதியதையும் தேடி எடுத்து அதன் கீழே ஒட்டுகிறேன்.

காசிமேட்டான்:
தாராளமாக ஒட்டு. நான் எதையும் அழிக்கிறவன் இல்லை.