'பிளேக் நிறுவனங்களை வெறுத்தார்': இன்ஸ்டிட்யூஷனுக்குத் தமிழ் என்ன?

ரா. எழுதியது:

கலைச்சொல் குழு நண்பர்களுக்கு வணக்கம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டிய கட்டுரை ஒன்று கையில் இருக்கிறது. ஆங்கில ரொமான்டிக் கவிஞர்கள் இயற்கையை ஒரு பக்கமும் 'ஹியூமன் இன்ஸ்டிட்யூஷன்ஸ்' என்பதை மறுபக்கமும் நிறுத்திப் பேசியது பற்றியது. இயற்கை சரி. இன்னொன்றுக்கு 'நிறுவனங்கள்' என்று போட்டேன். 'பிளேக் நிறுவனங்களை வெறுத்தார்' என்று வருகிறது. படிக்கிறவர் ஏதோ சிமென்ட் கம்பெனி மேல் கோபம் என்று நினைத்துக்கொள்வார்.

எந்தெந்தப் பொருளில் வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். 1794இல் வந்த பிளேக்கின் 'லண்டன்' கவிதையில் தேவாலயம், அரண்மனை, திருமணம் மூன்றும் அடுத்தடுத்து மாட்டுகின்றன. வேர்ட்ஸ்வொர்த்தின் கம்பர்லாந்துக் கிழப் பிச்சைக்காரர் கவிதையில் (1800) ஏழைகளை அடைத்து வேலை வாங்கும் விடுதி வருகிறது. ஷெல்லி 'மோன் பிளாங்க்' மலையைப் பார்த்து, மோசடியும் துயரமும் நிறைந்த பெரிய சட்டத் தொகுப்புகளை ரத்து செய்யும் குரல் உனக்கு இருக்கிறது என்கிறார். ஆக கட்டடம், சட்டம், சடங்கு எல்லாவற்றுக்கும் ஒரே சொல் வேண்டும். கைகொடுங்கள்.

வே. எழுதியது:

அம்மா, நிறுவனத்தை அவ்வளவு எளிதில் தள்ளிவிட வேண்டாம். நில் என்னும் அடியிலிருந்து நிறு, நிறுத்து, நிறுவு. லத்தீனிலும் இந்தச் சொல்லின் அடி 'நிற்றல்' தான். இரண்டு மொழியும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன! நிலை, நிலம், நிலவுதல் எல்லாம் அந்தக் குடும்பமே. நிலம் என்பது இயற்கை, நிறுவனம் என்பது செயற்கை, இரண்டுக்கும் வேர் ஒன்று என்றால் அந்தக் கவிஞர்களின் சண்டையே நம் சொல்லுக்குள் இருக்கிறது. ஒரே குறை, அந்த '-அனம்' ஈறு வடமொழிச் சாயல். 'நிறுவகம்' என்று திருத்திக்கொள்ளலாம். நிறுத்தல் என்றால் எடை போடுதலும் உண்டு. அதைப் பற்றித் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

யா. எழுதியது:

> 'நிறுவகம்' என்று திருத்திக்கொள்ளலாம்

வே. ஐயா, இலங்கையில் நிறுவகம் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. தேசிய கல்வி நிறுவகம் என்பது எங்கள் பாடத்திட்டம் தயாரிக்கும் இடம். திருமணத்தை நிறுவகம் என்றால் அதற்கு ஒரு பணிப்பாளர் நாயகமும் (டைரக்டர் ஜெனரல்) வேண்டிவரும். தாபனம் என்றால் கூட்டுத்தாபனம் (கார்ப்பரேஷன்) ஞாபகம் வரும். நிற்க, ரொமான்டிக் என்பதற்கு நாங்கள் மனோரதியம் என்று எழுதினோம், நீங்கள் கற்பனாவாதம் என்கிறீர்கள். அதை முதலில் தீர்த்தால் என்ன?

செ. எழுதியது:

அதை இப்போது திறக்காதீர்கள், தயவுசெய்து. 'ஏற்பாடு' எப்படி? மனிதர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடுகள். எல்லோருக்கும் புரியும்.

ம. எழுதியது:

செ., புரியும், ஆனால் வேறு விதமாக. பிளேக்கின் 'காதல் தோட்டம்' வகுப்பில் நடத்துகிறேன். தான் விளையாடிய பசும்புல் வெளிக்கு நடுவே ஒரு சிற்றாலயம் கட்டப்பட்டிருக்கிறது. கதவு சாத்தியிருக்கிறது. வாசலுக்கு மேலே 'செய்யாதே' என்று எழுதியிருக்கிறது. அது விவிலியத்தின் பத்துக் கட்டளை நடை. அந்த இடத்தில் போய் 'ஏற்பாடு' என்றால் பிள்ளைகள் பழைய ஏற்பாடா புதிய ஏற்பாடா என்று கேட்பார்கள்.

வே. எழுதியது:

ம. சொன்னதும் எனக்கு வேறொன்று தட்டுகிறது. தொல்காப்பியம் கற்பியலில்:

பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர்
ஐயர் யாத்தனர் கரணம் என்ப

களவு, அதாவது மறைவான காதல், முதலில் இருந்தது. மனிதர்கள் பொய் சொன்னார்கள், தவறினார்கள். அதன் பிறகு திருமணச் சடங்கு வந்தது. கேட்டுக்குப் பிறகு வந்த கட்டு! இதைவிடச் சுருக்கமாக, இயற்கையை உயர்த்திப் பேசிய பிரெஞ்சு மொழிச் சிந்தனையாளர் ரூசோவாலும் சொல்ல முடியாது. 'கரணம்' என்றே வைத்துக்கொள்ளலாம். நூலாதாரம் உண்டு, இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உண்டு.

தி. எழுதியது:

கரணம் வடசொல், ஐயா. நிறுவனத்தின் வாலை வெட்டியவர் இதை முழுதாக விழுங்குகிறீர்கள். அது போக, ஊரில் கரணம் என்றால் குட்டிக்கரணம், இல்லையென்றால் கணக்குப்பிள்ளை. 'ஷெல்லி கரணத்தை எதிர்த்தார்' என்றால் தாசில்தார் ஆபீசில் தகராறு என்று ஆகிவிடும்.

செ. எழுதியது:

அந்த 'ஐயர்' யார் என்பதையும் சொல்லிவிட்டுப் போங்கள்.

மட்டுறுத்துநர் எழுதியது:

ஐயர் என்றால் பெரியோர், தலைவர், அல்லது நீங்கள் நினைப்பவர். மூன்று தரப்பும் பழைய இழைகளில் போதும் போதும் என்று பேசியாயிற்று. இந்த இழையில் அது வேண்டாம். செ.வுக்கு இது முதல் எச்சரிக்கை.

ம. எழுதியது:

ஐயரை விடுவோம். 'யாத்தனர்' என்பதைப் பாருங்கள். யாத்தல் என்றால் கட்டுதல். பிளேக்கின் அந்தக் கவிதை எப்படி முடிகிறது? கறுப்பு அங்கி போட்ட பாதிரிகள் சுற்றிவந்து, முட்கொடிகளால் என் மகிழ்ச்சிகளையும் ஆசைகளையும் கட்டினார்கள். அதே வினை. கவிதையின் இறுதி வரியை மொழிபெயர்க்கும்போது யாத்தல் என்ற சொல்லை நான் நிச்சயம் வைத்துப் பார்ப்பேன்.

யா. எழுதியது:

அப்படியானால் 'யாப்பு' என்றே போடலாமே! எங்கள் சனசமூக நிலையங்களின் விதிகளுக்கு யாப்பு என்றுதான் பெயர். நாட்டின் அரசியலமைப்பையும் அரசியல் யாப்பு என்பதுண்டு. மனித யாப்புகள். காதுக்கும் நன்றாக இருக்கிறது.

ரா. எழுதியது:

யா., எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கட்டுரை கவிதையைப் பற்றியது. அடுத்த பக்கத்திலேயே வேர்ட்ஸ்வொர்த் தன் கவிதைத் தொகுப்பின் 1800 முன்னுரையில் செய்யுள் யாப்பை ஏன் விடாமல் வைத்துக்கொண்டார் என்று வருகிறது. அங்கே யாப்பு என்றால் யாப்பு. வாசகர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

தி. எழுதியது:

தொல்காப்பியத்துக்குத்தான் போக வேண்டும் என்றால் சொல்லதிகாரத்துக்கு வாருங்கள். இயற்கைப் பொருளை 'இற்று' (இத்தன்மையது) என்று சொல், செயற்கைப் பொருளை ஆக்கத்தோடு ('ஆயிற்று' போன்ற சொல்லோடு) சொல், ஆக்கம் காரணத்தை முதலாக உடையது. நிலம் வலிது என்று சொன்னால் போதும், காரணம் கேட்க வேண்டாம். ஒன்று 'ஆயிற்று' என்றால் எதனால் ஆயிற்று என்று சொல்ல வேண்டும். ரூசோ 1762இல் சமூக ஒப்பந்த நூலைத் தொடங்குவதும் இப்படித்தான்: மனிதன் சுதந்திரமாகப் பிறந்தான், எங்கும் விலங்கு பூண்டிருக்கிறான், இந்த மாற்றம் எப்படி நேர்ந்தது? ஆகவே 'ஆக்கம்'. இயற்கையும் ஆக்கமும். தூய தமிழ், இலக்கணத்தில் ஏற்கெனவே எதிரெதிராக நிற்கும் இணை. வேறென்ன வேண்டும்?

ம. எழுதியது:

அழகான வாதம், ஆனால் உங்கள் உரையாசிரியர்களே காலை வாருகிறார்கள். செயற்கைக்கு அவர்கள் காட்டுவது பயிர். எருவிட்டு, களையெடுத்து, நீர் கட்டியதால் பைங்கூழ் நல்லதாயிற்று. மனிதன் கை பட்டதால் நல்லதாயிற்று! ரூசோவின் 'எமில்' அதே 1762இல் இதற்கு நேர்மாறாகத் தொடங்குகிறது: படைத்தவன் கையிலிருந்து வருகையில் எல்லாம் நல்லவை, மனிதன் கையில் எல்லாம் கெடுகின்றன. கொஞ்சம் தள்ளி, செடிகளைப் பயிர்த்தொழில் உருவாக்குகிறது, மனிதர்களைக் கல்வி உருவாக்குகிறது என்றும் அவரே எழுதுகிறார் என்பது வேறு விஷயம்.

ஆனால் எனக்கு இதைவிடப் பெரிய தடை, மரபைக் காத்துப் பேசிய பிரிட்டிஷ் அரசியல் சிந்தனையாளர் எட்மண்ட் பர்க். ரா.வின் கட்டுரையில் அவர் வராமல் இருக்க மாட்டார். 1790இல் பிரெஞ்சுப் புரட்சியைத் தாக்கி எழுதியபோது, எங்கள் ஆட்சிமுறை இயற்கையின் போக்கைப் பின்பற்றியே தலைமுறை தலைமுறையாக வருகிறது என்றார். அடுத்த ஆண்டு, செயற்கையே மனிதனின் இயற்கை என்றும் எழுதினார். எதிர்முகாமில், அரசையே வேண்டாமென்ற சிந்தனையாளர் காட்வின் 1793இல் திருமணத்தைச் சட்டங்களிலேயே மோசமானது என்று ஏசிவிட்டு, 1797இல் பெண்ணுரிமை எழுத்தாளர் மேரி வால்ஸ்டன்கிராஃப்டை மணந்துகொண்டார். பர்க், காட்வின் இரண்டு பேர் வாயிலும் நுழையக்கூடிய சொல்தான் நமக்கு வேண்டும். 'செயற்கை', 'ஆக்கம்', 'கட்டு' எதைப் போட்டாலும் காட்வின் கட்சி ஜெயித்த பிறகுதான் விவாதமே தொடங்கும். ஒரு தரப்பின் தீர்ப்பைக் கலைச்சொல்லாக்கக் கூடாது. வெறுமனே 'நிறுவனம்' சப்பென்று இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சப்புத்தான் இங்கே தேவை.

செ. எழுதியது:

'அமைப்பு'?

தி. எழுதியது:

அமைப்பு என்றால் ஆள்சேர்க்கும் அமைப்பு. இலங்கை நண்பர்கள் சொல்வார்கள். ஆக்கத்தில் இருந்து நான் இறங்கவில்லை. பர்க்குக்காகத் தொல்காப்பியரை விட முடியாது.

ரா. எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஆசிரியர் இன்று மாலையே கேட்கிறார். முதல் முறை வரும் இடத்தில் 'சமூக நிறுவனங்கள்' என்று போட்டு, தேவாலயம், முடியாட்சி, சட்டம், திருமணம் ஆகியவற்றை அடுக்கிவிடுகிறேன். சமூகவியல் பாடநூல்களில் குடும்பமும் மதமும் இந்தப் பெயரில்தான் வருவதால் மாணவர்களுக்குப் பழக்கம் இருக்கும். பிறகு நிறுவனம் என்று மட்டும். பிச்சைக்காரர் கவிதையில் பொதுச்சொல்லே வேண்டாம், 'வேலை விடுதி' என்று நேராக. அவர் இயற்கையின் கண்ணெதிரே வாழ்ந்தார், அதன் கண்ணெதிரேயே சாகட்டும் என்ற முடிவு வரிக்கு அதுதான் உறைக்கும். இதே கவிஞர் 1813இல் அரசாங்கத்தின் முத்திரைத்தாள் விநியோக அதிகாரியாகி, 1843இல் அரசவைக் கவிஞரும் ஆனார் என்று எழுதும்போது 'நிறுவனத்துக்குள் போய்விட்டார்' என்று இயல்பாக வருகிறது. 'ஆக்கத்துக்குள் போய்விட்டார்' என்று எழுத முடியாது, தி. மன்னிக்கவும்.

வே. எழுதியது:

மனநிறைவில்லாமல் சம்மதிக்கிறேன். ஆனால் அடிக்குறிப்பில் கரணம் இடம்பெற வேண்டும், நூற்பாவோடு.

தி. எழுதியது:

என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அடுத்த கலைச்சொல் தொகுப்பில் 'ஆக்கம்' இரண்டாம் இடத்திலாவது வர வேண்டும்.

யா. எழுதியது:

'லண்டன்' கவிதையில் தெருவுக்கும் தேம்ஸ் நதிக்கும் பிளேக் போடும் அடைமொழி 'சார்ட்டர்ட்'. நதிக்கே உரிமைப் பத்திரம் எழுதிவிட்டார்கள் என்ற கசப்பு அது. ரா. அதை என்ன செய்தீர்கள்? எங்கள் பக்கம் 'பட்டயம்' என்போம்.

வே. எழுதியது:

பட்டயம் வடசொல். 'முறி' என்று சங்க காலத்துக்குப் பின்னே ஒரு நல்ல சொல் உண்டு. முறிச்சீட்டு கேள்விப்பட்டிருப்பீர்கள். முறிதல் என்ற வினையிலிருந்து

மட்டுறுத்துநர் எழுதியது:

புதிய இழை தொடங்குங்கள், ஐயா.