வெலாஸ்கெஸ் போட்ட ஆணி நாலு, சும்மா மூணு மூணுன்னு உருட்டாதீங்க

தூரிகை_துரை: நேத்து ஒரு மேதாவி இங்க எழுதிட்டுப் போயிருக்காரு, ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கெஸ் 1632 வாக்குல வரைஞ்ச ஏசு சிலுவைப் படத்துல ஆணி கணக்கு தப்பாம், மூணு போடுற இடத்துல நாலு போட்டுட்டாராம். தப்பாய்யா அது? அவரோட குரு, மாமனார் ரெண்டுமே ஓவியர் பச்சேகோதான். நாலு ஆணிதான்னு வாதாடி புக்கே எழுதி வச்சுட்டுப் போன ஆளு, செத்தப்புறம் 1649ல அச்சாச்சு. மருமகன் தெரிஞ்சேதான் வரைஞ்சாரு. நாலு.

பேனாமூடி: மேதாவி நான்தான், பேரச் சொல்லக் கூச்சமா? ஓவியர் குருனேவால்டோட இசன்ஹைம் பலிபீடப் படம் பாருங்க, கால் மேல கால், ஒரே ஆணி. கை ரெண்டு, கால் ஒண்ணு, மூணு. மாமனார் சொல்லி மருமகன் கேட்டாராம், எந்த ஊர்ல சார் அது?

தூரிகை_துரை: ஸ்பெயின்ல இருக்குற செவில்ல. குருனேவால்டு அதுக்கு நூறு வருசம் முந்தி, ஜெர்மன்காரரு, அவர எதுக்கு இழுக்குறீங்க? ஸ்பெயின் ஓவியருங்கள்ல சுர்பரான் 1627ல செவில் தொமினிக்கன் மடத்துக்கு வரைஞ்சது நாலு, கோயா 1780ல மாட்ரிட் ஓவிய அகாடமிக்குக் குடுத்தது நாலு, பழசுதான் வேணும்னா இத்தாலில அரெஸ்ஸோல இருக்குற ஓவியர் சீமாபுவோட சிலுவையும் நாலு.

கடல்காத்து: ஒரு சந்தேகம், அந்தக் காலத்து ஓவியப் பாணிய பரோக்குங்கறாங்களே, அது என்ன கணக்கு? ஓவியர் ரூபென்ஸ் ஆண்ட்வெர்ப்ல வரைஞ்சதுல ஆளாளுக்கு மூச்சு முட்ட சிலுவையத் தூக்குறாங்க, இந்த வெலாஸ்கெஸ் படத்துல பின்னாடி ஒரே இருட்டு, ரத்தம் கூட கம்மி, மனுசன் சும்மா நிக்கிற மாதிரி இருக்கு. ரெண்டும் பரோக்கா?

பேனாமூடி: தம்பி அதெல்லாம் அப்புறம், ஆணிக்கு வாங்க. பாதி முகத்த முடிய விட்டு மறைச்சவருக்கு கால் வரையத் தெரிஞ்சிருக்குமா என்ன.

தூரிகை_துரை: கால் தெரியாதா? ரெண்டு பாதமும் பலகை மேல பக்கத்துல பக்கத்துல, ஒவ்வொண்ணுலயும் தனித்தனியா ஆணி. நான் மாட்ரிட் பிராடோ மியூசியத்துல நேர்ல நின்னு எண்ணுனவன், படமே ரெண்டரை மீட்டர் உயரம், கண்ணு தெரியாதவனுக்கும் தெரியும்.

பேனாமூடி: நேர்லயா, போட்டோ போடுங்க பாப்போம்.

தூரிகை_துரை: அங்க போட்டோ எடுக்க விடமாட்டாங்க, போயிருந்தா தெரியும்.

பேனாமூடி: நல்ல வசதி. ஓவியர் கேரவாஜியோ பத்துன திரட்லயும் இப்படித்தான் நேர்ல பாத்தேன்னு ஆரம்பிச்சு கடைசில பிளாக் பண்ணிட்டு ஓடுனீங்க.

ஸ்டெதஸ்கோப்: உள்ளங்கைல ஆணி அடிச்சா உடம்பு வெயிட் தாங்குமாங்கறதே சந்தேகம், மணிக்கட்டுன்னு சொல்றவங்க இருக்காங்க, அத யாரும்

தூரிகை_துரை: டாக்டர், இங்க போஸ்ட்மார்ட்டம் நடக்கல. கால்ல அடிச்ச ஆணி. அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. பேனாமூடி, பிளாக் பண்ணது நான் இல்ல, நீங்க கெட்ட வார்த்தை எழுதி அட்மின் தூக்குனாரு, ஞாபகம் இருக்கா? மறுபடி சொல்றேன், பச்சேகோ நாலு, சுர்பரான் நாலு, வெலாஸ்கெஸ் நாலு, கோயா நாலு.

பேனாமூடி: படத்துல நாலு இருக்குன்னு எனக்கும் தெரியும்யா, அது தப்புன்னுதான சொல்றேன்! ஷிப்டுக்கு நேரமாச்சு, ராத்திரி வந்து வச்சுக்கறேன். மூணு.

கடல்காத்து: அப்ப ரூபென்ஸ்?