முகாமைத்துவத் தகவல் முறைமை: நம் ஊர்க் கடையிலும் ஆலையிலும் விடுதியிலும் கண்டவை

கணக்காளர், திருகோணமலை நகர்

முகாமைத்துவத் தகவல் முறைமை என்றதும் நம்மில் பலருக்கு முகாமைத்துவ மட்டங்களைக் காட்டும் பாடப்புத்தகத்து முக்கோணப் படமும், கொழும்பிலுள்ள ஏதோவொரு பெரிய கம்பனியின் குளிரூட்டிய கணினி அறையும்தான் நினைவுக்கு வருகின்றன. கோணேசபுரியிலுள்ள திருகோணமலை வளாகத்தில் வணிகம் கற்கும் பிள்ளைகள் பயிற்சிக்கு வரும்போது, நம் நகரத்துக் கடைகளில் அப்படியொன்று இருக்கிறதா என்று கேட்பதுண்டு. இருக்கிறது. நாளாந்தம் நடக்கும் கொள்வனவு, விற்பனை, கடன், சம்பளம் ஆகியவற்றை ஒழுங்காகப் பதிந்து, அப்பதிவுகளைத் தொகுத்து, முடிவெடுக்க வேண்டியவரின் கைக்கு உரிய வேளையில் சேர்ப்பிக்கும் ஏற்பாடு எதுவாயினும் அது இதில் அடங்கும். கணினி அந்த வேலையை விரைவாக்குகிறது. பதிகின்றவரும் நடைமுறையும் சரியாக இல்லாவிட்டால் பிழைகளையும் அதே விரைவில் பெருக்கிவிடுகிறது.

நான் அருகிலிருந்து பார்த்த ஒரு ஹாட்வெயார் கடையைப் பற்றிச் சொல்கிறேன். அங்கே பற்றுச்சீட்டு அடிக்கும் மென்பொருள் ஏற்கெனவே இருந்தது. பற்றுச்சீட்டு அச்சாகி வெளியே வந்ததும் அதன் வேலை முடிந்தது என்றே முதலாளி எண்ணியிருந்தார்; எந்தப் பொருள் குறைகிறது என்பதைத் தம் நினைவிலிருந்தும் றாக்கையைக் கண்ணால் பார்த்தும் தீர்மானித்தார். இருப்பு அறிக்கையை ஏன் பார்ப்பதில்லை என்று கேட்டபோது, "அது பொய் சொல்லும்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். அரை அங்குலத் தண்ணீர்க் குழாய் ஒன்றே, காசாளர்களின் பழக்கத்துக்கேற்ப 'எஸ்லோன் பைப்' என்றும், 'பீவீசீ அரை' என்றும், 'தண்ணீர்க் குழாய்' என்றும் மூன்று குறியீடுகளில் பதியப்பட்டிருந்தது. லொறியில் வந்த சரக்கு ஒரு பெயரிலும் விற்பனை இன்னொரு பெயரிலும் ஏறியதால், ஒன்றின் இருப்பு நூற்றுக்கு மேல் நிற்க, மற்றொன்று பூச்சியத்துக்குக் கீழே இறங்கி மறைப் பெறுமானத்தைக் காட்டியது. கடையில் இல்லாத பொருளை எப்படி விற்க முடியும்? கணினி அதைக் கேட்பதில்லை, கேட்கும்படி அமைத்தாலொழிய.

ஒரு பூரணை தினத்தில் கடையை மூடி, இருப்பு முழுவதையும் எண்ணி, ஒரு பொருளுக்கு ஒரு குறியீடு என்று நிர்ணயித்து, வந்த சரக்கைப் பதிந்த பின்னரே றாக்கையில் அடுக்குவது என்ற கட்டுப்பாட்டையும் வைத்தார்கள். தகவல் முறைமை அந்தக் கடையில் தொடங்கியது அன்றுதான் என்று நான் சொல்வேன். மென்பொருளை மாற்றவே இல்லை.

அதன் பிறகு மீள்கட்டளை மட்டத்தைக் கணக்கிட முடிந்தது. ஒரு நாள் விற்பனையைச் சரக்கு வந்து சேர எடுக்கும் நாட்களால் பெருக்கி, எதிர்பாராத தாமதத்துக்கென ஒதுக்கி வைக்கும் காப்பு இருப்பைக் கூட்டினால், எந்த அளவுக்கு இறங்கியதும் மீண்டும் கட்டளையிட வேண்டும் என்ற அந்த மட்டம் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, நாளொன்றுக்கு 40 மூடை சீமெந்து விற்கிறது என்றும், ஆலை நம் ஊரிலேயே இருப்பதால் இரண்டு நாளில் சரக்கு வந்துவிடும் என்றும், காப்பு இருப்பு 40 என்றும் வைத்தால், 120 மூடைக்கு இறங்கியதும் அடுத்த கட்டளையைக் கொடுக்க வேண்டும். தரை ஓடு நாளுக்குப் பத்துப் பெட்டிதான் போகிறது. ஆனால் கொழும்பு வழங்குநரிடமிருந்து வர ஒன்பது நாளாகும், காப்பாக 30 பெட்டி தேவை என்றால் அதற்கும் 120 என்றே விடை வருகிறது. விற்பனை நான்கிலொரு பங்கு, கட்டளையிடும் மட்டம் ஒன்றே; காரணம் தூரம். இதை முதலாளி முப்பது வருட அனுபவத்தால் ஏறக்குறைய அறிந்துதான் இருந்தார். ஆனால் அவர் நோயுற்று வீட்டிலிருந்தபோது அவருடைய மகனுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

கடன் விடயமும் அப்படித்தான். யார் கடன்காரர் என்பது முதலாளிக்கு மனப்பாடம். எவ்வளவு காலமாக என்பதில்தான் நினைவு இளகியது. நிலுவைகளை 30, 60, 90 நாட்கள் என வயதுவாரியாகப் பிரித்து, 60 நாளைத் தாண்டியவை மட்டும் திங்கட்கிழமை காலையில் ஒரே தாளில் வரும்படி செய்தோம். அந்தத் தாளில் பெயர் உள்ள ஒப்பந்தகாரருக்குப் புதிதாகக் கடன் எழுதுவதில்லை என்பது அதோடு சேர்ந்த விதி. விதியில்லாத அறிக்கையை எவரும் இரண்டாம் வாரம் திறப்பதில்லை. அந்த மென்பொருளிலேயே முப்பதுக்கும் மேற்பட்ட அறிக்கைகள் இருந்தன. கடை இன்று பயன்படுத்துபவை மூன்றோ நான்கோதான், அவை போதும்.

உங்கள் தொழிலில் இதை எங்கே சந்தித்தீர்கள், எந்த அறிக்கை எந்த முடிவை மாற்றியது என்பதை எழுதுங்கள்.

விடுதி நடத்துபவர், உப்புவெளி

ஐயா, எங்களுக்குத் தரவு குறைவு என்பது என்றுமே குறையாக இருந்ததில்லை. இணைய முன்பதிவுத் தளங்கள் நாள்தோறும் எண்களை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. எதை எதனோடு ஒப்பிடுவது என்பதில்தான் தடுமாற்றம். கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருக்கும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில்தான் எங்களுக்கு வருமானம். வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் கதவைத் திறந்து வைப்பதே செலவு. ஆகவே ஒக்டோபரை செப்டெம்பருடன் ஒப்பிடும் அறிக்கை எங்களுக்கு ஒன்றையும் சொல்வதில்லை, கவலையை மட்டும் தரும். சென்ற ஆண்டின் அதே மாதத்துடன் ஒப்பிட வேண்டும், அதிலும் நீண்ட வார இறுதி எந்த மாதத்தில் விழுந்தது என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று, அறை நிரம்புவதையே வெற்றியாகக் கருதிய பழக்கம். 20 அறைகளில் 16 அறைகளைத் தலா 12,000 ரூபாவுக்குக் கொடுத்தால் வருமானம் 192,000. 14 அறைகளை 15,000 ரூபாவுக்குக் கொடுத்தால் 210,000. இருக்கும் அறைகள் அனைத்துக்குமாகப் பகிர்ந்து பார்த்தால், முதலாவதில் அறையொன்றுக்கு 9,600, இரண்டாவதில் 10,500. சலவை, மின்சாரம், காலை உணவு ஆகியவை வேறு மிச்சம். நிரம்பிய வீதத்தை மட்டும் காட்டும் அறிக்கை எங்களை விலை குறைக்கத் தூண்டியது. இந்த எண்ணைப் பக்கத்தில் வைத்த பிறகே அந்த அவசரம் அடங்கியது. அண்மையில் நாங்கள் செய்த மற்றொரு மாற்றம் விருந்தினரின் கடவுச்சீட்டுப் பிரதிகளைப் பற்றியது. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் உள்ளது. முன்னர் வரவேற்பு மேசைக் கணினியில் எவரும் திறக்கக்கூடிய கோப்புறையில் கிடந்தவற்றை இப்போது முகாமையாளர் மட்டுமே பார்க்கும்படி வைத்திருக்கிறோம்.

அரிசி ஆலைக் குடும்பம், கிண்ணியா

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் ஆலையை வாப்பா கொப்பியிலேயே நடத்தியவர். பாலம் 2009 இல் திறக்கப்படும்வரை நகருக்குப் போகப் பாதைப் படகுதான். அந்தக் காலத்திலும் கணக்கு ஒரு சதம் பிசகியதில்லை என்று அவர் இன்றும் சொல்வார், நாங்களும் மறுப்பதில்லை. ஆனால் அந்தக் கொப்பியில் ஒரு கேள்விக்கு மட்டும் விடை இருக்கவில்லை: ஒரே அளவு நெல்லிலிருந்து சில நாட்களில் ஏன் குறைவான அரிசி வருகிறது?

பொதுவாக 100 கிலோ நெல்லுக்கு ஏறத்தாழ 65 கிலோ அரிசி கிடைக்கும் என்பதை அடிப்படையாக வைத்து, 62 கிலோவுக்குக் குறைந்த தொகுதிகளை மட்டும் பிரித்துக் காட்டும்படி தங்கை எக்செல் தாளொன்றைத் தயாரித்தாள். எல்லா நாட்களின் விவரத்தையும் அடுக்கியிருந்தால் வாப்பா பார்த்திருக்கவே மாட்டார். விதிவிலக்குகளை மட்டும் காட்டியதால் பார்த்தார். முதலில் இயந்திரத்தின் உருளையில் குற்றம் என்று நினைத்தோம். பின்னர், அத்தொகுதிகள் பெரும்பாலும் மழையை ஒட்டி வாங்கிய நெல் என்பது தெரிந்தது. ஈரமானி எங்களிடம் இருந்தது. வாங்கும்போது அளந்து விலையும் பேசுவார்கள், ஆனால் அளவை எழுதி வைப்பதில்லை.

கணக்கைப் பாருங்கள். 18 வீத ஈரப்பதனுள்ள 100 கிலோ நெல்லில் உலர் பொருள் 82 கிலோ. அதைக் காயவைத்து 14 வீதத்துக்குக் கொண்டுவந்தால் நிறை 95 கிலோ சொச்சமாகிவிடும். அரைக்கத் தொடங்கும் முன்பே நாலரைக் கிலோவுக்கு மேல் காற்றோடு போய்விட்டது, அதற்கும் நாங்கள் பணம் கொடுத்திருக்கிறோம். இப்போது கொள்வனவுச் சீட்டில் ஈரப்பதனுக்கென ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பாமல் தராசுக்காரர் சீட்டைக் கொடுக்க முடியாது. பெரும்போகம், சிறுபோகம் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கிறோம்.

இதில் கடினமானது கணினி அல்ல. தன்னை வேவு பார்க்கவே அந்தக் கட்டத்தைச் சேர்த்தார்கள் என்று தராசுக்காரர் மனம் புண்பட்டார். மாத முடிவில் அந்த அறிக்கையை அவருக்கும் காட்டத் தொடங்கிய பிறகு, எந்தப் பக்கத்து நெல் ஈரமாக வரும் என்பதை அவரே முன்கூட்டிச் சொல்கிறார்.

முச்சக்கர வண்டி ஓட்டுநர், நகர்

படித்தவர்கள் எழுதும் இடத்தில் நானும் ஒன்றைச் சேர்க்கிறேன். தட்டுப்பாட்டின்போது, 2022 ஜூலையில், வண்டிக்கு இவ்வளவுதான் என்று எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் குறியீடு வந்தபோது, எங்கள் வண்டிக்கு முதலில் வாரத்துக்கு 5 லீற்றர்தான். அது போதவில்லை என்பது வேறு கதை. ஆனால் அதற்கு முன்பு நாங்கள் இரவு முழுவதும் வரிசையில் நின்றோம்; அப்போது ஒரே வண்டி இரண்டு நிலையங்களில் அடிப்பதைத் தடுக்க வழியிருக்கவில்லை. ஒவ்வொரு நிலையத்திலும் பதியும் அளவு ஒரே இடத்தில் சேர்ந்ததால், எனக்கு மிச்சம் எவ்வளவு என்று பம்பில் நிற்பவருக்குத் தெரிந்தது. பின்னர் பங்கைக் கூட்டுவதற்கும் மேலே உள்ளவர்களிடம் ஒரு கணக்கு இருந்தது. நீங்கள் சொல்லும் முறைமையை நான் சந்தித்தது அங்கேதான்.

மீன் மொத்த வியாபாரி, நகர்

நான் மாறுபடுகிறேன். காலையில் கொழும்பை அடுத்த பேலியகொடை மீன் சந்தைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, கரையில் ஒரு பார்வை, ஐஸ் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு. இவற்றை வைத்து லொறியை அனுப்புவதா இங்கேயே விற்பதா என்று தீர்மானிக்கிறேன். எந்த அறிக்கையும் இதைவிட விரைவாக எனக்குச் சொல்லாது. படகுக்காரருக்குக் கொடுத்த முற்பணத்தைக் கொப்பியில் எழுதுகிறேன். அதற்கு மேல் எனக்கு எதற்கு?

மாணவி, கோணேசபுரி

அண்ணன் சொல்வதற்குப் பாடத்திலும் இடமிருக்கிறது. முடிவுகளை ஒழுங்கமைந்தவை, ஓரளவு ஒழுங்கமைந்தவை, ஒழுங்கமையாதவை என்று பிரிப்பார்கள். ஐஸ் எத்தனை கட்டி வாங்குவது என்பதற்குச் சூத்திரம் போடலாம். இன்று வந்த மீனை எங்கே விற்பது என்பது அப்படியல்ல. முகாமைத்துவ அறிஞர் ரசல் அக்கொவ் 1967 ஆம் ஆண்டிலேயே, முகாமையாளர்களின் பெரிய தொல்லை தேவையான தகவல் இல்லாததைவிடத் தேவையற்ற தகவல் குவிவதே என்று எழுதினார்.

இன்னொரு செய்தி. வணிகப் பணிக்காகக் கணினியை முதலில் ஓடவிட்டது ஆங்கிலேயத் தேநீர்க்கடை நிறுவனமான லயன்ஸ். 1951 நவம்பரில், 'லியோ' என்ற தன் சொந்தக் கணினியில் வெதுப்பகக் கணக்கைச் செய்தது. சில ஆண்டுகளின் பின் கடைகளின் நாளாந்தக் கட்டளைகளும் அதற்கு மாறின: ஒவ்வொரு கடைக்கும் வழக்கமான கட்டளை ஏற்கெனவே பதியப்பட்டிருக்கும், கடைப் பொறுப்பாளர் தொலைபேசியில் மாற்றங்களை மட்டும் சொன்னால் போதும். கிண்ணியா அக்கா விதிவிலக்குகளை மட்டும் பிரித்துக் காட்டியதாக எழுதியதை வாசித்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது.

கணக்காளர், திருகோணமலை நகர்

மீன் வியாபாரம் செய்யும் அண்ணனின் காலை நேரத் தீர்மானத்தில் நான் தலையிடமாட்டேன். ஆனால் முற்பணக் கொப்பியைப் பற்றி ஒரு கேள்வி: எந்தப் படகுக்குக் கொடுத்த முற்பணம் பருவ முடிவில் மீனாகத் திரும்பியது, எது திரும்பவில்லை என்பதை அந்தக் கொப்பியிலிருந்து ஒரு மணித்தியாலத்தில் சொல்ல முடியுமா? முடியுமென்றால் உங்களிடம் இருப்பதே தகவல் முறைமை.

எந்த மென்பொருளை வாங்கலாம் என்று மூதூரில் மருந்தகம் வைத்திருக்கும் தம்பி தனியே கேட்டிருந்தார்; எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன். காலாவதித் திகதியைத் தொகுதி இலக்கத்துடன் சேர்த்துப் பதிய முடியாத எதையும் வாங்க வேண்டாம். மூன்று மாதத்துக்குள் காலாவதியாகும் மருந்துகளைப் பிரித்துக் காட்டுகிறதா என்று விற்பனையாளரிடம் உங்கள் கண்முன்னே செய்து காட்டச் சொல்லுங்கள். நீங்கள் ஒருவரே பதிகிறீர்கள் என்றால் இப்போதைக்கு எக்செல் போதும். இரண்டு பேர் ஒரே வேளையில் பதிய வேண்டி வந்தாலோ இரண்டாவது கிளை திறந்தாலோ தரவுத்தளத்துடன் கூடிய மென்பொருள் தேவைப்படும். எதுவாயினும், பதிவுகளின் அன்றாடப் பிரதியொன்றைக் கடைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் தடைப்பட்டாலும் கணினி பழுதானாலும் மறுநாள் கடை திறக்க அது வேண்டும்.